நாறாத நெருப்பு

டான்யூப் பாலத்து வாயிலில்
பதினெட்டு மாரிக்காலம் என் மூக்கு வேலை பார்த்தது.
கணக்கில் என் பெயருக்குத்தான் சம்பளம்.
உண்மையில் அதற்கு.

திரித்துப்பாக்கி கொண்டுவருகிறவன்
எத்தனை போர்வைக்குள் ஒளித்தாலும்
கையிடுக்கில் ஒரு கயிறு கனன்றபடி இருக்கும்.
வெடியுப்பில் ஊறிய சணல்:
குதிரை மூத்திரம் காய்ந்த கொட்டிலில்
யாரோ மயிரைப் பொசுக்கினாற்போல.
முப்பது தப்படிக்கு முன்பே சொல்லிவிடுவேன்,
"மூன்றாவது வண்டி. வைக்கோலுக்கு அடியில்."

வாளித் தண்ணீரில் சுர்ரென்று சாகும்.
அணைந்த திரி வெறும் கயிறு.
அதை வைத்துக்கொண்டு ஊருக்குள்
யாரை என்ன செய்துவிட முடியும்?
எந்த வீட்டிலாவது கொள்ளி கேட்டு வாங்கி,
ஊதி, வளைந்த கவ்வியில் மாட்டி,
நீளம் சரிபார்த்து, மருந்துக் கிண்ணி திறந்து...
அதற்குள் எதிராளி
இன்னொரு குவளை பீரும் குடித்து
சமாதானமும் பேசிவிட்டிருப்பான்.

புனித மார்ட்டின் திருநாளுக்கு அடுத்த வாரம்.
சாய்மழை.
மழை என் கூட்டாளி, மழையில் திரி பிழைக்காது.
வந்தவனிடம் நனைந்த கம்பளி, பூண்டு, குதிரைத்தோல்.
கழுத்தில் ஒரு குட்டிச் சாவி தொங்கியது,
நுனியில் சதுரத் துளை.
"கடிகாரக்காரரா?" என்றேன்.
"அந்த மாதிரிதான்" என்றான்.
என் கணப்பில் கை காய்ந்தான்.
கேட்காமலே விறகு ஒன்று எடுத்துப் போட்டான்.
நல்லவன் என்று நினைத்தேன். அதை மறைப்பானேன்.

விடிகாலை, மீன்கடைத் தெருவில்
உப்பு வணிகன் எங்கெல்ஹார்ட் விழுந்துகிடந்தான்.
பார்த்தவர்கள் மூன்று பேர், மூன்று கதை.
ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்:
கொன்றவன் கையில் நெருப்பில்லை.
மேலங்கிக்குள் ஏதோ கிர்ரென்றது,
பிறகு இடி.

அவன் எறிந்துவிட்டு ஓடியதை
பூட்டுக்கொல்லன் ஓர்டோல்ஃபின் மேசையில் பிரித்தார்கள்.
தகட்டுக்குப் பின்னால் தடித்த வில்,
மூன்றே கண்ணியில் ஒரு சங்கிலி,
பொம்மைக்கு அரைஞாண் கட்டும் அளவு.
விளிம்பெல்லாம் பல் வெட்டிய சக்கரம்,
அதன்மேல் கவ்வி அழுத்திப் பிடித்த
பொன்போல் மினுங்கும் கந்தகக் கல்.
சாவியால் முக்கால் சுற்று முறுக்கிவிட்டால்
கோபத்தை அடக்கிக்கொண்டு காத்திருக்கும்
ஒரு பயணம் முழுக்க,
ஒரு காவலாளியின் கணப்பருகே அரைமணி நேரம்.

"எவன் அரம் போட்டானோ, என்ன கை!" என்றான் ஓர்டோல்ஃப்,
செத்தவனின் தம்பி பக்கத்தில் நிற்பதை மறந்து.
விசையைத் தட்டினான்.
இருண்ட பட்டறையில் ஒரு கைப்பிடிப் பொறி.
குனிந்து முகர்ந்தேன்.
நாறியது.
அடித்த பிறகு.

நகர மன்றத்தார் கேட்டார்கள்,
அன்றிரவு என்ன மோந்தாய்?
கம்பளி, பூண்டு, தோல் என்றேன்.
எழுத்தர் மூன்று சொல்லையும் எழுதிக்கொண்டார்.
ஐம்பொறியில் ஒன்றை விற்றுப் பிழைத்தவன் நான்,
எவனோ ஒரு பொறி செய்து
அதை விலையில்லாமல் ஆக்கிவிட்டான்.

இப்போது கையால் தேடுகிறேன்.
மருத்துவச்சி ஓட்டிலியாவின் கூடை,
கன்னியாஸ்திரிகளின் மடிப்பு மடிப்பான அங்கி
(கண்ணை மூடிக்கொண்டு),
சாவிக்கொத்தோடு வந்த நிஜக் கடிகாரக்காரன் ஒருவன்
இரண்டு நாள் நிலவறையில் இருந்தான்.
இருமல் இன்னும் விடவில்லை என்கிறார்கள்.

மதில் காவலுக்கு மன்றம் சக்கரம் வாங்கவில்லை.
ஒன்றின் விலைக்கு ஆறு திரித்துப்பாக்கி வருமாம்.
ஆகவே இரவானால்
மதில்மேல் அதே செம்புள்ளிகள், ஊத ஊதக் கனன்று.
முன்பெல்லாம் அவற்றை எண்ணிவிட்டுத் தூங்குவேன்.
நேற்றுத்தான் தோன்றியது,
எதிர்க்கரை இருட்டிலிருந்தும்
எண்ணலாம்:
ஏழு.